எந்த வீட்டுக்குப் போகிறோம்?

கடந்த தவணையின் கடைசி வாரம் எங்கள் ஆசிரியை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு ஆறு மாதம் ஏதாவது ஒரு வெளிநாட்டில் வாழக் கிடைத்தால் எங்கே போவீர்கள்? வேலைக்காகவும் இல்லை, பட்டத்துக்காகவும் இல்லை. அந்த நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

ஒன்பது பேர் தென்கொரியா என்றார்கள். ஏழு பேர் துருக்கி. தொலைக்காட்சித் தொடர்கள் செய்த வேலை என்று ஆசிரியை சிரித்தார். லண்டன், டுபாய், மலேசியா எல்லாம் வந்தன. ஒருத்தி மக்கா என்றாள். அதற்கு மேல் அவளோடு யாரும் போட்டிக்குப் போகவில்லை. என்னுடைய முறை வந்தபோது, "யோசிக்க வேணும் மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது.

யோசித்து முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பதில் நீண்டுவிட்டதால் அதை நம் சஞ்சிகையில் எழுதுகிறேன். தோழிகளோடு உங்கள் பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏனென்றால் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

நான் கோமாரியைச் சேர்ந்தவள். பொத்துவிலில் இருந்து கல்முனைக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு பக்கம் களப்பும் மறு பக்கம் கடலுமாக என் ஊரைக் கடந்திருப்பீர்கள். எங்கள் அயலவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வீதியோரத்தில் என் உம்மாவின் வாப்பா தொடங்கிய சிறு கடை இருக்கிறது. இப்போது உம்மா அதைப் பார்க்கிறார். படிப்புக்காக நான் சாய்ந்தமருதில் மாமி வீட்டில் தங்கியிருக்கிறேன். விடுமுறை வந்தால் கடைதான் என் இடம்.

அந்தக் கடையில் இருந்தபடிதான் வெளிநாட்டில் வாழ்வது என்ற விடயத்தை நான் முதலில் பார்த்தேன். பார்த்தது மறுபக்கத்தில் இருந்து. பொத்துவிலுக்குத் தெற்கே இருக்கும் அறுகம்பேக்கு ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். சிலர் ஒரு வாரம், சிலர் நான்கு ஐந்து மாதம். கூட்டமில்லாத அலை தேடி ஓட்டோவின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கமும் வருவார்கள். தண்ணீர்ப் போத்தலும் வாழைப்பழமும் எங்கள் கடையில் வாங்குவார்கள்.

அவர்களில் ஒருவர் தொடர்ந்து மூன்று ஆண்டுகளாக வருபவர். ஒவ்வொரு முறையும் நான்கு மாதம் அறுகம்பேயில் இருப்பார். கூட்டிப் பார்த்தால் ஒரு வருடம் நம் மாவட்டத்தில் வாழ்ந்திருக்கிறார். கடந்த ஆண்டு அவர் கடையில் அவித்த இடியப்பத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர்மீது குற்றமில்லை என்று விளங்கியது. அறுகம்பேயின் பிரதான வீதியில் அவருக்குக் காலையில் அப்பளம் போல மெல்லிய பான் கேக்கும், பகலில் பீட்சாவும், இரவில் பாட்டும் கிடைக்கின்றன. அவர் பேசும் ஆங்கிலத்துக்கு எல்லோரும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறார்கள். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று நம் ஆட்களே அங்கே நம்மை மறைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வீதிக்குப் பின்னால் உல்லையில் பள்ளிவாசல் இருக்கிறது, மத்ரசா இருக்கிறது, மீன் காயும் முற்றங்கள் இருக்கின்றன. அங்கே போக அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் இன்னொருவர் வந்தார். டென்மார்க் நாட்டவர், தாதியாக வேலை செய்பவர். அவரும் அலைக்காகத்தான் வந்தார். ஆனால் அறுகம்பேயில் அறை எடுக்காமல், எங்கள் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியாது. முதல் வாரம் இரண்டு பேரும் என்னை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பள்ளி விடுமுறை முடிந்து நான் சாய்ந்தமருதுக்குப் போனதும், வேறு வழியில்லாமல் ஒருவருக்கொருவர் பேசப் பழகினார்கள்.

செப்டெம்பரில் ஒரு வார இறுதியில் நான் வீட்டுக்கு வந்தபோது, வேலிக்கு அப்பால் பெரியம்மாவின் சத்தம் கேட்டது. பிட்டுக்கு மா குழைக்கும்போது தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டதற்காக அந்த அக்காவை ஏசிக்கொண்டிருந்தார். "எத்தின தரம் சொன்ன நான், தெளிச்சுத் தெளிச்சுக் குழை எண்டு!" அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். உம்மா கடையில் இருந்து சொன்னார்: "சரி, இனி அது அந்த ஊட்டுப் புள்ளதான்."

உம்மா சொன்னதை நான் பிறகு அடிக்கடி நினைத்தேன். விருந்தாளியை யாரும் ஏசமாட்டார்கள். விருந்தாளி உப்பில்லாமல் சமைத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஒரு வீட்டில் நம்மை உரிமையோடு ஏசத் தொடங்கும்போதுதான் அந்த வீட்டின் உண்மையான வாழ்க்கை நமக்குத் தெரியத் தொடங்குகிறது. அயலில் ஒரு மரணம் நடந்தபோது, செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் பெரியம்மா வீட்டில் சமைத்து அனுப்பினார்கள். அன்று அந்த அக்கா குந்தியிருந்து தேங்காய் துருவினார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அந்த இடத்துக்கு வழி போட்டிருக்காது.

இதை ஓர் அழகான கதையாக மட்டும் முடித்துவிட முடியாது. அந்த ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி, அறுகம்பேயில் உல்லாசப் பயணிகள் கூடும் இடங்கள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்தது. வீதியெங்கும் பொலிஸார் நின்றார்கள். அறைகள் காலியாகத் தொடங்கின. பெரியம்மா, "நீ இரு மகள், இங்க உனக்கு ஒண்டும் வராது" என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் டென்மார்க்கில் இருந்து அந்த அக்காவின் தாய் தொலைபேசியில் அழுதார். இரண்டு நாளில் அவர் போய்விட்டார். பெரியம்மா வறுத்த அரிசிமாவைப் பொதி செய்து கொடுத்தனுப்பினார். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டுப் பயப்படும் உம்மாக்கள் எங்கும் இருக்கிறார்கள் என்று அன்று கண்டேன். அந்தப் பயத்தை இந்தக் கட்டுரையில் நான் சின்னதாக்கப் போவதில்லை.

இனி என் வீட்டுக் கதை.

என் வாப்பா கட்டாரில் பதினொரு வருடமாக வேலை செய்கிறார். அவருடைய அறையில் எட்டுப் பேர். நான்கு பேர் நம் நாட்டவர், மற்றவர்கள் நேபாளமும் வங்காளதேசமும். இந்தக் கட்டுரைக்காக வட்ஸ்அப்பில் அவரிடம் கேட்டேன்: "வாப்பா, கட்டார்காரங்கட ஊட்டுல எப்பயாவது சாப்பிட்டிருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. "ஊட்டுக்குள்ள ஒருநாளும் போனதில்ல மகள். நோம்பு காலத்துல கூடாரத்துல இப்தார் தருவாங்க. நல்ல சாப்பாடு. ஊட்டு வாசலுக்கு ஏசி திருத்தப் போயிருக்கன். குசினி எந்தப் பக்கம் எண்டு தெரியாது."

பதினொரு வருடம். அறுகம்பேயின் அலைக்காரர் ஒரு வருடம் இருந்து இடியப்பம் தெரியாமல் போனதைப் பார்த்துச் சிரித்த எனக்கு, இதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அலைக்காரருக்குக் கதவு திறந்திருந்தது, அவர் போகவில்லை. வாப்பாவுக்குக் கதவு திறக்கவில்லை.

மாமியின் கதை வேறு. அவர் சவூதியில் நான்கு வருடம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார். கப்சா எப்படிச் சமைப்பது, கஹ்வாவில் ஏலம் எப்போது போடுவது, எந்தப் பெருநாளைக்கு எந்த உறவினர் முதலில் வருவார், எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். இன்றும் கோபம் வந்தால் அரபியில்தான் ஏசுவார். அந்த நாட்டின் வீட்டு வாழ்க்கையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மாமி அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. ஆனால் நான்கு வருடத்தில் ஒருநாளாவது அந்தக் குடும்பத்தோடு ஒரே சஹனில் இருந்து சாப்பிட்டதில்லை. அவரையும் அங்கே ஏசினார்கள்தான். அது திருப்பிச் சிரிக்க முடியாத ஏச்சு. பெரியம்மாவின் ஏச்சுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை மாமி எனக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஆசிரியையின் கேள்வியில் நாட்டின் பெயரைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: போகிற ஊரில் நமக்காகத் திறக்கும் வீடு எது, அந்த வீட்டில் நாம் யாராக இருக்கப் போகிறோம்?

இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் நாம் இரண்டு பெரிய பயணிகளைப் படிக்கிறோம். இப்னு பதூதா 1325இல், 21 வயதில், தஞ்சியரில் இருந்து புறப்பட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போனார். 1343இல் மாலைதீவுக்குப் போனார். அங்கிருந்து அடுத்த ஆண்டு நம் நாட்டுக்கும் வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். மாலைதீவில் அவர் சும்மா தங்கவில்லை. காழியாக, அதாவது நீதிபதியாக, பதவி வகித்தார். அங்கேயே திருமணங்களும் செய்தார். அங்குள்ள பெண்கள் உடுத்தும் முறையை மாற்ற முயன்று தம்மால் முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தீவுகளைப் பற்றி அவர் தந்த செய்திகளுக்காக உலகம் இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறது. ஆனாலும் அவர் அந்த மக்களை நீதிபதியின் ஆசனத்தில் இருந்து பார்த்தார்.

அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் அல்பிரூனி. 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். கஸ்னி மஹ்மூதின் காலத்தில் இந்தியாவை அறிய வந்தவர். படையோடு வந்த அரசின் நிழலில் இருந்தவர் அவர். அதிகாரத்தோடு பேச அவரால் முடிந்திருக்கும். ஆனால் அவர் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் முதலில் ஒரு மாணவனைப் போல நின்றதாகத் தம்முடைய நூலில் சொல்கிறார். 1030ஆம் ஆண்டளவில் அவர் எழுதி முடித்த 'கிதாபுல் ஹிந்த்' இன்றும் இந்தியாவைப் படிப்போர் எடுத்துப் பார்க்கும் நூல். தம் மார்க்கத்தை அவர் விட்டுவிடவில்லை. தமக்கு உடன்பாடில்லாததை உடன்பாடில்லை என்றே எழுதினார். ஆனால் முதலில் கேட்டார், பிறகு எழுதினார்.

இருவரில் யாரைப் போல வெளிநாட்டில் வாழ வேண்டும் என்று கேட்டால், நான் அல்பிரூனியின் பக்கம்.

இதற்கு உதாரணம் தேடி மிகவும் தூரம் போகவேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டு டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மாணவர் தம்முடைய மானிடவியல் ஆய்வுக்காக ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தார். கொழும்பு அல்ல, கண்டியும் அல்ல. நம் அக்கரைப்பற்று. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. 1971 வரை அங்கே வாழ்ந்தார். பிறகும் பல தடவைகள் திரும்பி வந்தார். யுத்தத்தின்போதும் வந்தார், சுனாமிக்குப் பிறகும் வந்தார். 2008இல் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய பெரிய நூல் முழுவதும் நம் கரையைப் பற்றியது. ஆசிரியை ஒருவர் அதன் சில பக்கங்களை எனக்குக் காட்டினார். ஆங்கிலம் கடினம். அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன்.

அதில் இருந்தது என் வீடு. நம் கரையில் குடி தாய் வழியாக வருவது, பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பது, வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது, கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவது. இவையெல்லாம் உலகம் முழுவதும் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இது வழமையான ஒன்றல்ல, ஓர் ஆள் கடல் தாண்டி வந்து வருடக்கணக்காக இருந்து படிக்கும் அளவுக்கு அரிய ஒன்று என்பது அந்தப் பக்கங்களில்தான் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். வேற்று வீட்டில் போய் வாழப் பழகும் கலையை நம் ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். என் வாப்பா சாய்ந்தமருதில் இருந்து கோமாரிக்கு மாப்பிள்ளையாக வந்தவர். உம்மம்மாவின் குசினியில் எந்த ஆணத்துக்கு எவ்வளவு புளி என்பதையும், அயலில் யாரை அண்ணன் என்றும் யாரை மாமா என்றும் கூப்பிடுவது என்பதையும் அவர் வந்துதான் பழகினார். முதல் வருடம் மிகவும் அமைதியாக இருந்தாராம். நம் பெண்களுக்குத்தான் அந்தப் பயிற்சி இல்லை. நமக்கு வீடு கட்டித் தருகிறார்கள். அந்த வீட்டிலேயே பிறந்து, அதிலேயே கல்யாணம் முடித்து, அதிலேயே இருக்கிறோம். அது நமக்குப் பெரிய பாதுகாப்பு. வேறு ஊர்ப் பெண்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு. ஆனால் தன் வீட்டைத் தவிர வேறு வீட்டை அறியாதவளாகவும் அது நம்மை வைத்துவிடுகிறது.

இனி என் பதில். நான் போக விரும்புவது காயல்பட்டினம்.

இதைச் சொன்னபோது தோழிகள் ஏமாந்துபோனார்கள். "வெளிநாடு எண்டு சொல்லிப்போட்டு இந்தியாவுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இருக்கும் முஸ்லிம் ஊர் அது. மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறைமுகம் அந்தக் கரையோரத்தில்தான் இருந்தது. அங்கும் வீடு மகளுக்குப் போகிறது. அங்கும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வீடுகளுக்கு இடையே பெண்கள் தங்களுக்குள் போய்வர ஒடுக்கமான முடுக்குகள் இருக்கின்றன. பெண்கள் கூடி ஓதவும் தொழவும் தனித் தைக்காக்கள் இருக்கின்றன. நம் முன்னோரைப் போலவே அவர்களும் அரபு எழுத்தில் தமிழை எழுதியவர்கள். காயல் வணிகர்கள் காலங்காலமாகக் கொழும்புக்கு வந்து போனவர்கள்.

நம்மைப் போலவே இருக்கும் ஊரில் போய் என்ன கற்பது என்று கேட்கலாம். எனக்கோ, கற்பதற்கு அதுதான் நல்ல இடமாகத் தெரிகிறது. முற்றிலும் வேறான நாட்டுக்குப் போனால் எல்லாமே புதினம். ஆறு மாதமும் வாய் பிளந்து பார்ப்பதிலேயே போய்விடும். மொழி தெரியாததால் வீட்டுக்குள்ளும் போக முடியாது. கொரியாவில் ஆறு மாதம் இருந்தால் நான் அறுகம்பே அலைக்காரரைப் போலத்தான் திரும்பி வருவேன். காயல்பட்டினத்தில் முதல் நாளே ஒரு உம்மம்மாவோடு பேச முடியும். பேசப் பேச எங்கே வேறுபடுகிறோம் என்று தெரியவரும். ஒரே வழக்கம், ஒரே மார்க்கம், ஒரே மொழி இருந்தும் அவர்கள் ஏன் முடுக்கு வைத்தார்கள், நாம் ஏன் மதில் கட்டுகிறோம்? இந்த மாதிரிக் கேள்விகளோடு திரும்பி வர விரும்புகிறேன்.

இடம் தேர்ந்தெடுக்கும் மற்றவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். கொரியாதான் வேண்டும் என்பவர்கள் அதற்கே போட்டுப் பார்க்கலாம். வருகிறவர்களுக்கென்றே கட்டிய தெருவில் தங்காதீர்கள். ஒரு குடும்பத்தின் வீட்டில் அறை தேடுங்கள். அடுப்படியில் பேசும் அளவுக்காவது அந்த மொழியைப் போகுமுன் படியுங்கள். போகும்போது கையில் ஒரு வேலையைக் கொண்டு போங்கள்: தையல், சிறுபிள்ளைகளுக்குப் பாடம், எதுவாகவும் இருக்கலாம். சும்மா பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை. பெருநாளும் திருவிழாவும் பார்த்து நாள் குறிக்காதீர்கள். ஒன்றும் நடக்காத ஒரு மாதமாவது அங்கே இருங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். எங்கள் கடை முன்னால் என் உம்மாவைக் கேட்காமல் படமெடுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் படங்கள் எந்த நாட்டில் யார் கையில் இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது பெற்றோருக்கு.

பெண் பிள்ளையை மஹ்ரம் இல்லாமல் எப்படி அனுப்புவது என்று கேட்பீர்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதை உலமாக்களிடம் கேட்போம். உம்மாவோ வாப்பாவோ கூட வருவதானால் எனக்கு இரட்டிப்புச் சந்தோசம். ஆனால் ஒன்றை மட்டும் மரியாதையோடு கேட்கிறேன். மாமி சவூதிக்குப் போனபோது அவருக்கு வயது 24. யார் வீட்டுக்குப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது, அனுப்பியவர்களுக்கும் தெரியாது. அன்று ஊரில் யாரும் மஹ்ரத்தைப் பற்றிப் பேசவில்லை என்று மாமி சொல்கிறார். வீட்டில் கஷ்டம் இருந்தது, பேசவில்லை. அது குற்றச்சாட்டு அல்ல. அன்றைய நிலை அது. ஆனால் உழைக்கப் போகும் பெண்ணிடம் கேட்காத கேள்வி, கற்கப் போகும் பெண்ணிடம் மட்டும் கேட்கப்படுவது நியாயமா? கேட்பதானால் இருவருக்கும் கேட்போம். இருவருக்கும் பாதுகாப்பான வீட்டைத் தேடுவோம்.

நம் ஊர்ப் பெண்களுக்கு வெளிநாடு என்பது இரண்டு வழிகளில்தான் வருகிறது. ஒன்று பணிப்பெண் வீசா, மற்றது கல்யாண வீசா. மூன்றாவதாக ஒரு வழி இருக்கவேண்டும். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக நாம் காத்திருக்கும் மாதங்கள் எத்தனை! அந்த மாதங்களில் தையல் வகுப்பும் கணினி வகுப்பும் போகிறோம், வீட்டில் கல்யாணப் பேச்சும் தொடங்குகிறது. அதில் மூன்று மாதத்தை வேறொரு வீட்டின் பிள்ளையாக இருந்து பார்க்கத் தரலாமே.

செலவு பெரிது என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வெளிநாடு பக்கத்திலேயே தொடங்குகிறது. இந்தக் கல்லூரிக்கு நான் வந்த புதிதில், கோமாரியில் தமிழர்களோடு இரவிலும் பயமில்லாமல் இருப்பீர்களா என்று ஒரு தோழி என்னைக் கேட்டாள். அவள் பிறந்து வளர்ந்த இடத்தில் இருந்து தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெரு பத்து நிமிட நடை. அவள் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. அதேபோல எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் ஒரு நோன்பு துறக்கும் நேரத்தை அருகில் இருந்து பார்த்ததில்லை. யுத்த காலம் நமக்கிடையில் போட்ட வேலி அது. நாம் போடவில்லை, ஆனால் நாமும் பிடுங்கவில்லை. கொரியாவின் சோற்றுக் கிண்ணத்தை அறியுமுன், பக்கத்துத் தெருவின் பிட்டுக் குழலை ஒருமுறை அறிந்துகொள்ளலாம். கடந்த நோன்பில் அந்தத் தோழி எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கினாள். பெரியம்மா கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து வேலிக்கு மேலால் நீட்டினார். அவள் வாங்கத் தயங்கியபோது, "கை சுடாது, பிடி புள்ள" என்று ஏசினார். அந்த ஏச்சை அவள் இன்றும் வகுப்பில் சொல்லிச் சிரிக்கிறாள்.

கடைசியாக ஒன்று. அதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கோமாரியில் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. அது எனக்கான வீடு. நம் வழக்கப்படி மகளுக்கு வீடு. அதைக் கட்டத்தான் வாப்பா பதினொரு வருடமாக எட்டுப் பேர் அறையில் படுக்கிறார். எனக்கு ஒரு வீடு இருக்கவேண்டும் என்பதற்காக வாப்பா வீடில்லாத இடத்தில் வாழ்கிறார். சுவர் எழும்பிவிட்டது, கூரையும் போட்டாயிற்று. இப்போது முன் மண்டபத்துக்கு டைல்ஸ் போடக் காசு சேர்க்கிறார்கள்.

போன வாரம் நான் உம்மாவிடம் கேட்டேன். டைல்ஸ் ஒரு வருடம் பிந்தினால் என்ன? அந்தக் காசில் ஒரு பகுதியில் நீங்களும் நானும் காயல்பட்டினத்தில் மூன்று மாதம் இருக்கலாம். மிச்சத்தில் வாப்பாவை ஒருமுறை முன்கூட்டியே வீட்டுக்கு வரச் சொல்லலாம். சீமெந்துத் தரையில் நடந்தால் கால் தேய்ந்துவிடாது.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு வந்த ஒருவருக்குச் சீனி நிறுத்துக் கொடுத்தார். அன்று இரவு வாப்பாவோடு பேசும்போது மட்டும், "இவள் என்னவோ கேக்கிறாள், நீங்களே கேளுங்க" என்று தொலைபேசியை என் கையில் தந்தார்.

வாப்பா யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவருக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கத்தான் வேண்டும்.